வலது கையுறை

காலை 10.40. மரக்கிடங்கின் பின்சுவருக்கும் ஒரு பெரிய மரத்தடிக்கும் நடுவில் கொக்கிக்காரர் நின்றபடியே செத்துப் போயிருந்தார். தடியை நகர்த்திய பிறகுதான் கீழே விழுந்தார். வயது முப்பத்து நாலு. ஒரு காலில் இரும்புக் கயிறு சுற்றியிருந்தது. இடது கையில் தோல் கையுறை இருந்தது. வலது கையுறை இடுப்புத் துண்டில் செருகியிருந்தது.

அறுவை மெஷினை நிறுத்தினார்கள். யாரும் அழவில்லை. சத்தம் நின்றது மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

11.25. இன்ஸ்பெக்டரம்மா வந்தார். கூடவே ரைட்டர் வந்தார், கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது.

"உடம்பைப் பார்த்தியே, என்ன தெரியுது?" என்று இன்ஸ்பெக்டர் ரைட்டரிடம் கேட்டார்.

"ம்."

"துப்பிட்டுப் பேசுய்யா."

ரைட்டர் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். அவருடைய தீப்பெட்டியை வாட்ச்மேன் முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். மரக்கிடங்கில் பீடி, சிகரெட் கூடாது. ஒரு பொறி போதும், எல்லாம் போய்விடும். அதனால் இங்கே வேலை செய்கிறவர்கள் வாயில் போட்டுக்கொள்வார்கள். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த பொட்டலம். தூசிக்கும் அதுதான், பசிக்கும் அதுதான், முதுகு வலிக்கும் அதுதான். கன்னத்தில் அடக்கினால் முதலில் வாய் மரத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் உடம்பும் தன்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிடும். தடி உருட்டுகிறவனுக்கு அது வேண்டியிருக்கிறது.

வேலை முறை இப்படி. சுவரோரம் கிடக்கிற தடிக்குக் கொக்கிக்காரர் இரும்புக் கயிற்றை மாட்டுவார். அதை இழுக்கிற வின்ச் இந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் தடி அடுக்கு. அடுக்கின் ஓரத்தில் ஒரு மேடை, அதன் மேல் விசில்காரர். கொக்கிக்காரர் மஞ்சள் கோட்டுக்கு வெளியே வந்து நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விசில்காரர் ஊத வேண்டும். குட்டையாக இரண்டு என்றால் இழு. நீளமாக ஒன்று என்றால் நிறுத்து. இந்த வருஷம் அடுக்கு உயர்ந்து மேடையையும் மறைத்துவிட்டது. வின்ச்காரருக்கு இப்போது காதுதான் கண்.

11.50. விசில்காரர் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது. தடி சுமந்து முதுகு போனவருக்குக் கிடங்கில் மிஞ்சியிருந்த ஒரே வேலை அது. தோளில் கிடந்த துண்டு முழுக்கப் பழுப்புச் சிவப்புக் கறை. கழுத்தில் வெள்ளை பிளாஸ்டிக் விசில்.

"ரெண்டு ஊதுனது யாரு?"

"நான்தாம்மா. மாப்பிள்ளை கோட்டுக்கு வெளியதான் நின்னாரு. ஊதுனதும் திரும்ப உள்ள போயிட்டாரு. கயிறு முறுக்கியிருந்துச்சு போல."

"அப்புறம்?"

"நீளமா ஊதுனேன். அந்த வின்ச்காரன் நிறுத்தல. அவனுக்கும் மாப்பிள்ளைக்கும் போன வாரம் சண்டை. கிடங்குக்கே தெரியும்."

பேச்சு பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. கன்னத்தில் பொட்டலம் வைத்திருக்கிற எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

"மாப்பிள்ளைன்னா?"

"என் தங்கச்சி வீட்டுக்காரரு. ஒரே வீட்லதான் இருக்கோம்."

இன்ஸ்பெக்டர் விசிலைக் காட்டினார். "அதே மாதிரி ஒரு தடவை ஊதிக் காட்டுங்க. அந்தப் பக்கம் எவ்வளவு கேக்குதுன்னு பார்க்கணும்."

"இப்ப வேணாம்மா. உடம்பு இன்னும் வண்டி ஏறல. மனசு வரல."

அதற்கு மேல் கேட்க முடியாது. விசிலைக் கழற்றி வாங்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டார். ரைட்டர் தன் போலீஸ் விசிலை எடுத்து மேடையிலிருந்து ஊதினார். அறுவை மெஷினை ஓடவிட்டும் ஊதிப் பார்த்தார்கள். வின்ச் பக்கம் நன்றாகவே கேட்டது.

12.10. வின்ச்காரர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. கை இன்னும் நெம்புகோல் மேலேயே இருந்தது.

"நிறுத்தச் சொல்லி விசில் கேட்டுச்சா?"

"இல்ல மேடம். ரெண்டு கேட்டுச்சு. இழுத்தேன்."

"சண்டையாமே."

"பேச்சுதான்."

"சட்டையப் பிடிச்சா பேச்சா?"

"அவருதான் பிடிச்சாரு. விசில் முன்ன மாதிரி இல்லைன்னு சொன்னேன், அதுக்கு. முன்னெல்லாம் உள்ள குண்டு உருண்டு கிர்ருனு வரும். இப்ப கொஞ்ச மாசமா மொட்டையா வருது. மேஸ்திரிகிட்ட சொல்லி மாத்தச் சொல்றேன்னேன். கொக்கிக்காரரு ஓடி வந்து, உன் வேலையப் பாருடான்னு பிடிச்சாரு. விசில் அவரோடதும் இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல."

"நீளமா ஊதுனேன்னு அவர் மச்சான் சொல்றாரு."

வின்ச்காரர் நெம்புகோலைப் பார்த்தார். "சொன்னா நான் என்ன மேடம் செய்ய. ரெண்டு பொண்ணுங்க இருக்கு. பெரியவளுக்கு அடுத்த மாசம் நிச்சயம் வச்சிருக்கு. கொலைகாரன் வீடுன்னா யாரு வருவா."

அழுத்தம் இல்லாமல் சொன்னார், பஸ் போய்விட்டது என்பது போல.

12.30. மெஷினில் பலகை அறுக்கிறவரைக் கூப்பிட்டார்கள். ஒரு காதில் பஞ்சு.

"விசில் எந்தப் பக்கம் கேட்டுச்சு?"

"சுவர்ப் பக்கம்."

"மேடை அங்க இல்லையே."

"எனக்கு ஒரு காது எப்பவோ போயிடுச்சும்மா. மிச்சம் இருக்கற காது சொன்னதைச் சொல்றேன்."

"நீளமா ஒண்ணு?"

"அது எந்தக் காதுலயும் விழல."

"சுவர்ல பட்டு எதிரொலி வந்திருக்கும் மேடம்," என்றார் ரைட்டர்.

இன்ஸ்பெக்டர் பலகைக்காரர் பக்கம் திரும்பினார். "கொக்கி மாட்டறப்ப கையுறையைக் கழட்டுவாங்களா?" என்று கேட்டார்.

பலகைக்காரர் தன் உள்ளங்கையைக் காட்டினார். குறுக்கே நாலு தழும்பு. "கம்பி பிரிஞ்ச கயிறும்மா அது. கழட்டுனா இதான் கிடைக்கும். எவனும் கழட்ட மாட்டான்."

1.45. ஆஸ்பத்திரியின் பின்வராந்தாவில் கொக்கிக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு. மதியம் கிடங்குக்கு எடுத்துக்கொண்டு போக இருந்தவள், வைக்க மறந்து அதையும் கையோடு கொண்டு வந்துவிட்டாள். இரண்டு அடுக்கு.

இறந்தவரின் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரு சீட்டை இன்ஸ்பெக்டர் காட்டினார். பல் ஆஸ்பத்திரிச் சீட்டு. பெயர் வியர்வையில் கரைந்துவிட்டது. நம்பர் இருந்தது. வயது நாற்பத்தாறு. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தது. அன்றைக்குப் புதன்.

"உங்க வீட்டுக்காரர் பாக்கு போடுவாரா?"

"தொட மாட்டாரு. பல்லுல ஒரு சொத்தை கிடையாது."

"ரெண்டு அடுக்குல எது யாருக்கு?"

"மேல இருக்கறது அண்ணனுக்கு. காரம் போடாம தனியா செய்வேன். வயித்துப் புண்ணுன்னு சொல்லும்." அவள் தூக்கின் பிடியைச் சாய்த்து நிமிர்த்தினாள். "அந்த வின்ச்காரனை விட்டுருவீங்களா? எங்கண்ணன் கண்ணால பார்த்திருக்கு."

"அஞ்சு மணிக்குள்ள கேஸ் எழுதியாகணும். எழுதறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்றேன்."

3.20. ஸ்டேஷன். ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார். யோசிக்கும்போதெல்லாம் பேனா மூடி வாய்க்குப் போனது. வெள்ளை மூடி. இன்ஸ்பெக்டர் கையை நீட்டி அதை வாங்கினார்.

"இது எப்ப வாங்குனது?"

"திங்கக்கிழமை மேடம்."

"ரெண்டு நாள்ல இந்த நிறமா?"

"பொட்டலம் போடற வாய்தானே மேடம். துடைச்சாலும் போகாது."

மூடியில் பல் பட்ட தடம் இருந்தது, தடத்துக்குள் பழுப்பு இறங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் கவரைப் பிரித்து விசிலை எடுத்து மூடிக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த விசில் பாதுகாப்பு வாரத்தில் கொடுத்தது. ஆறு மாதம் ஆகிறது. வைத்துவிட்டு, போனை எடுத்துப் பல் ஆஸ்பத்திரிக்குப் பேசினார். சீட்டு நம்பரைச் சொன்னார். பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

4.10. மூன்று பேரையும் அறைக்குள் கூப்பிட்டார். விசில்காரரும் தங்கையும் ஒரு பெஞ்சில். வின்ச்காரர் சுவரோரம் நின்றார்.

இன்ஸ்பெக்டர் விசிலை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

"இப்ப ஊதுங்க."

விசில்காரர் எடுக்கவில்லை.

"காலையில மனசு வரலைன்னீங்க. மனசு இல்ல, வாய். வாயைத் திறங்க. முடிஞ்ச வரைக்கும்."

விசில்காரர் தங்கையைப் பார்த்தார். பிறகு திறந்தார். ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் திறந்தது.

"நல்ல வாய்க்கு மூணு விரல் போகும்," என்றார் இன்ஸ்பெக்டர். "பாக்கு கன்னத்துல தங்கித் தங்கி உள்சதை நார் மாதிரி இறுகிப் போச்சு. முதல்ல காரம் எரியும். வயித்துப் புண்ணுன்னு தங்கச்சிகிட்ட சொன்னீங்க. அப்புறம் வாய் திறக்காது. கன்னம் உப்பாது. உதடு குவியாது. மெழுகுவத்தியக்கூட ஊதி அணைக்க வராதுன்னு டாக்டர் சொன்னாங்க. விசில் எப்படி வரும்? சீட்டுல இருந்த வயசு உங்களோடது. போன மாசம் உங்களைக் கூட்டிட்டுப் போனது மாப்பிள்ளைதான்."

ரைட்டரின் தாடை அசைவது நின்றது.

"இந்த விசில் ஆறு மாசமா உங்க கழுத்துல இருக்கு. உங்க துண்டுல கறை, சட்டையில கறை. விசில்ல ஒரு பொட்டு இல்ல. இது உங்க வாய்க்குள்ள போனதே இல்ல. ஆனா ஆறு மாசமா கிடங்குல விசில் கேட்டுச்சு, வேலையும் நடந்துச்சு. அப்ப ஊதுனது யாரு?"

வின்ச்காரர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"குண்டு உருளாம மொட்டையா வந்துச்சுன்னு இவர் சொன்னாரு. சுவர்ப் பக்கம் வந்துச்சுன்னு பலகைக்காரர் சொன்னாரு. அது எதிரொலி இல்ல. வெரலை வாயில வச்சு அடிக்கிற சீட்டி. தோல் கையுறையோட வெரலை வாயில வைக்க முடியாது. அதான் வலது கையுறை இடுப்புல இருந்துச்சு. தடிக்குப் பக்கத்துலயே நின்னு ரெண்டு அடிச்சுட்டு, வின்ச் இழுக்கறதுக்குள்ள விலகிடுவாரு. ஆறு மாசமா அப்படித்தான். இவர் விசிலை மாத்தச் சொல்வேன்னதும் அவர் சட்டையப் பிடிச்சது அதுக்குத்தான். இன்னைக்குக் கால் கயிறுல மாட்டிக்கிச்சு, இழுத்ததும் தடி புரண்டு சுவரோட சேர்த்து அழுத்திடுச்சு. ரெண்டு கையாலயும் கயிறைப் பிடிச்சிருந்தவர் எதை வச்சு நிறுத்தச் சொல்லுவாரு? நிறுத்துன்னு சொல்ல வேண்டியவர் நீங்க."

விசில்காரர் மெதுவாகப் பேசினார்.

"உதட்டுகிட்ட கொண்டு போனேம்மா. காத்து ஓரமா போச்சு. திரும்பக் கொண்டு போனேன். காத்துதான் வந்துச்சு."

"கத்தலாமே."

"இந்த வாய்ல கத்துனா எனக்கே கேக்காது. மேடையில இருந்து எறங்கறதுக்குள்ள..." முடிக்கவில்லை.

"வேற வேலை கேட்டிருக்கலாம்."

"முதுகு போனவனுக்கு என்ன வேலைம்மா. நாளைக்கு வா மச்சான், பாக்கை விட்டா இதோட நிக்கும்னு டாக்டர் சொல்றாங்க, இல்லைனா புத்துநோய்ல போய் முடியும், நான் எத்தனை நாளைக்குச் சீட்டி அடிப்பேன்னு மாப்பிள்ளை காலையிலதான் சொன்னாரு. சரின்னேன். சொல்லிட்டு ஒரு பொட்டலம் பிரிச்சேன்."

"தடி நசுக்குனதைக் கேஸ்ல விபத்துன்னுதான் எழுதுவேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஊத வராதுன்னு தெரிஞ்சும் மேடை ஏறுனது உங்க குத்தம். ஊதாத விசிலை ஊதுனேன்னு சொல்லி இன்னொருத்தரைக் கொலைகாரராக்குனது அதைவிடப் பெருசு. எதுக்கு?"

"தங்கச்சி மூஞ்சியப் பார்த்து என்ன சொல்லுவேன். யாராவது ஒருத்தர் செஞ்சதா இருக்கட்டும்னு தோணுச்சு."

வின்ச்காரரை வீட்டுக்குப் போகச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவர் கதவு வரை போனார். திரும்பி விசில்காரரைப் பார்த்தார். திட்டுவார் என்று ரைட்டர் நினைத்தார்.

"சொல்லியிருக்கலாமேண்ணே," என்றார். "அடுக்கைக் கொஞ்சம் குறைச்சிருந்தா கையக் காட்டியே வேலையை ஓட்டியிருக்கலாம்." போய்விட்டார்.

4.35. ரைட்டர் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். விசில்காரர் கையெழுத்துப் போட்டார். தங்கை அதுவரைக்கும் அசையவில்லை. அண்ணனைப் பார்க்கவும் இல்லை.

"அம்மா," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "அவர் அடிச்ச சீட்டி, அது எப்படி இருக்கும்?"

"நான் கேட்டதில்லையேம்மா."

"நானும் கேட்டதில்ல. ஒன்பது வருஷம் ஆச்சு கல்யாணமாகி. அவருக்குச் சீட்டி அடிக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

பெஞ்சின் மறுகோடியில் அவளுடைய அண்ணன் எதையோ சொல்ல முயற்சி செய்துகொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.