பிடுங்காத கேபிள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நிஜம். மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் சத்தியமாக, ஒரு கமாவைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஓசூரில் கம்பெனிகள் திறந்த அன்று காலை பதினொரு மணிக்கு, ஒரு பட்டறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சுமலதா ஆஞ்சப்பனுக்குப் போன் செய்தாள். "சார், முதலாளி கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிட்டாருங்க. நான் வெளிய வர முடியாது. நீங்கதான் உள்ள வரணும்."

ஆஞ்சப்பன் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர். தளியில் ஒரு பிரிண்டர் இருமியதைப் போனில் கேட்டு, பாகலூரில் உட்கார்ந்தபடியே அதன் நோயைச் சொன்னவர். தொழிலில் அவருக்குக் கூட்டாளி பிரவீனா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குற்றவாளி யார் என்று தீர்மானித்துவிடும் வேகம் அவளுக்கு.

ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கேட் திறந்தது. இருவரும் உள்ளே வந்ததும் மறுபடி பூட்டிக்கொண்டது.

அது கியர் செய்யும் பட்டறை. கியரின் அளவைப் பார்க்கும் மெஷினுடைய சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில்தான் ஓடும். அதனால் சுமலதா புது டெஸ்க்டாப்புக்குள் அந்தப் பழைய விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாகக் குடிவைத்திருந்தாள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். விடுமுறைக்கு முன்பு வரை அளவு மெஷின் அதற்கு ஒழுங்காக எண்களை அனுப்பியது. இன்று ஒன்றுகூட வரவில்லை.

"வேணும்னே பண்ணியிருக்கா," என்றார் முதலாளி முனிராஜ். அவர் தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் பேரம் பேசுவார், வருத்தப்பட மட்டும் தமிழ். "நாளைக்குப் பொம்மசந்திராவுல வேற கம்பெனியில சேரப் போறா. போறப்போ எனக்கு ஆப்பு வெச்சுட்டா. இது ஓடற வரைக்கும் ரிலீவிங் லெட்டர் கிடையாது."

அந்த ஒரு தாள் இல்லாமல் புதுக் கம்பெனியில் உள்ளே விடமாட்டார்கள். சுமலதாவுக்கு நாலு சுவரும் ஆளுக்கு ஒரு அடி நெருங்கி வந்தது போலிருந்தது. ஜன்னல் கம்பிக்கு அப்பால் பெங்களூர் பஸ் ஒன்று அவசரமே இல்லாமல் போனது.

"கடைசியா யாரும்மா தொட்டது?" என்றார் ஆஞ்சப்பன்.

"நான்தாங்க. பூஜை அன்னிக்கு மத்தியானம் ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அண்ணா, இவங்கதான். செட்டிங்கை மாத்தியிருப்பாங்க," என்று பிரவீனா கிசுகிசுத்தாள். அறை முழுக்கக் கேட்டது.

ஆஞ்சப்பன் செட்டிங்கைத் திறந்தார். 'பிரிட்ஜ்' என்றிருந்தது, அதற்கு நேராக, நெட் கேபிள் குத்தும் முதல் போர்ட்டின் பெயர். யாரும் மாற்றவில்லை. விர்ச்சுவல் மெஷினின் மூலையில் மட்டும் ஒரு சிவப்புக் குறி, கேபிள் பிடுங்கப்பட்டிருக்கிறது என்றது.

"பொய் சொல்லுது," என்றார் முனிராஜ். "கேபிள் குத்தித்தான் இருக்கு. இதே டப்பாவுல இப்பத்தான் மாட்டுச் சந்தை வீடியோ பாத்தேன்."

"ரெண்டும் நிஜமா இருந்தா?"

ஆஞ்சப்பன் டீ கேட்டார். வந்தது. குடித்து முடித்துவிட்டு டெஸ்க்டாப்பைத் திருப்பி, பின்பக்கம் டார்ச் அடித்தார்.

"பூஜையில பொட்டு வைக்கிறது யாருங்க?"

"நானேதான். வேற ஆள் கை படக் கூடாது. எங்கப்பா வெச்ச வழக்கம். லேத்துக்கு வாயில, டிரில்லுக்கு மூக்குல..." முனிராஜ் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எல்லாரும் உக்காருங்க," என்றார் ஆஞ்சப்பன். "உள்ள இருக்கற விண்டோஸ் ஒரு குடித்தனக்காரர்னு வெச்சுக்குங்க. வீட்டுக்காரர் வாசல் வழியாவே போய் வரலாம். ஆனா வெளியாள் வந்து அவரை நேரா கூப்பிட முடியாது. அளவு மெஷின் நேரா கூப்பிடணும். அதுக்காக இந்தம்மா பிரிட்ஜ் போட்டுத் தனி வாசல், தனி நம்பர் குடுத்திருக்கு. அந்த வாசல் முதல் போர்ட். இந்தப் பெட்டியில போர்ட் ரெண்டு. கேபிள் இப்ப ரெண்டாவதுல இருக்கு. வீட்டுக்காரருக்கு எந்த வாசலும் சம்மதம், மாட்டுச் சந்தை ஓடுது. குடித்தனக்காரர் வாசல்ல கேபிளே இல்லை. அவர் சொன்னதும் நிஜம்."

"மாத்திக் குத்தினது அவதானே?" முனிராஜின் குரல் மெலிந்திருந்தது.

ஆஞ்சப்பன் குண்டூசியால் முதல் போர்ட்டுக்குள்ளிருந்து ஒரு காய்ந்த கட்டியைப் பெயர்த்து மேஜைமேல் வைத்தார். சந்தனம். நடுவில் குங்குமம்.

"நெட்டு வர்ற வாய்னு அங்க வெச்சேன்," என்றார் முனிராஜ் தரையைப் பார்த்தபடி. "பொட்டு மேல எப்படிங்க திரும்பக் குத்தறது? பக்கத்துலயே அதே மாதிரி ஓட்டை இருந்துச்சு."

"நான் அப்பவே உங்க மேலதான் சந்தேகப்பட்டேன்," என்றாள் பிரவீனா.

பொட்டு வைத்த இடத்தில் குத்த இப்போதும் முனிராஜுக்கு மனம் வரவில்லை. "பிரிட்ஜை ரெண்டாவது போர்ட்டுக்கு மாத்தினா போதும். இந்தம்மாவே மாத்தட்டும்," என்றார் ஆஞ்சப்பன்.

சுமலதா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மவுஸைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"லெட்டர்ல கையெழுத்துப் போடுங்க சார். சாவியையும் மேஜைமேல வைங்க. அப்புறம் மாத்தறேன்."

முனிராஜ் தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் இறங்கி, தமிழில் கையெழுத்துப் போட்டார். அவள் இரண்டு முறை கிளிக் செய்தாள். சிவப்புக் குறி மறைந்தது. எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. சுமலதா கேட்டைத் தானே திறந்துகொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

அன்று காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை, பராமரிப்புப் பணிக்காக அந்தத் தெரு முழுக்கக் கரண்ட் கிடையாது. முனிராஜ் கம்பெனியில் ஜெனரேட்டரும் இல்லை. இதுவும் சந்திரசூடேஸ்வரர் சத்தியமாக நிஜம்.