பூட்டின் வயிற்றில் என்ன இருந்தது?

சுண்டுவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. வம்பு வந்ததே அதனால்தான்.

‘இணையத்தில் யாரிடமும் சொல்லக்கூடாதவை’ என்று நாலாம் வகுப்புக்கு ஓவியப் போட்டி வைத்தார் டீச்சர். மற்றவர்கள் ‘வீட்டு முகவரி’, ‘போன் நம்பர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு திருடன் முகத்தை வரைந்து வேலையை முடித்துக்கொண்டார்கள். சுண்டு விடுவாளா? அட்டை நிறைய ஒரு மஞ்சள் பூட்டு வரைந்தாள். உதாரணம் என்றால் உண்மையாக இருக்க வேண்டாமா? பூட்டின் வயிற்றுக்குள் குண்டு குண்டாக எழுதித் தள்ளினாள்.

அவளுக்குத்தான் முதல் பரிசு. டீச்சர் அதைப் போட்டோ எடுத்து, பள்ளியின் இணையப் பக்கத்திலும் போட்டுவிட்டார்.

மாலை ஐந்து மணிக்கு அம்மா தையல் கடையிலிருந்து வந்ததும் சுண்டு போனைப் பிடுங்கினாள்.

“என் படம் வந்திருக்கும்மா!”

படத்தை விரலால் பெரிதாக்கினாள். அம்மாவின் போன் நம்பரின் பத்து இலக்கங்களும் பளிச்சென்று தெரிந்தன. கதவு எண், தெரு, மாடி எல்லாம் இருந்தன. வீட்டுப் பூனையின் பெயரும் பிறந்தநாளும் சேர்ந்த பாஸ்வேர்டும் இருந்தது. கடைசி வரி இப்படி: ‘நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை வீட்டில் நான் மட்டும்தான். சாவி செருப்பு அலமாரிக்குப் பின்னால்.’

சுண்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருநூற்றுப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள்!

சொன்னால் அம்மா திட்டுவாள். ஆனால் அந்தச் சாவி? சுண்டு போனை அம்மாவிடம் நீட்டினாள்.

படித்துப் பார்த்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடிப்பாவி! சொல்லக்கூடாதுன்னு தலைப்பு போட்டு, ஊருக்கே சொல்லி வெச்சிருக்கியேடி!”

“அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் திட்டும்மா. முதல்ல டீச்சருக்குப் போன் போடு!”

விஷயத்தைக் கேட்ட டீச்சர் அலறியது போனுக்கு வெளியே கேட்டது.

“ஐயையோ! கலர் அழகா இருக்கேன்னு பார்த்தேனே தவிர, படிக்கவே இல்லையே! இதோ, இப்பவே எடுத்துடறேன்!”

ஒரே நிமிடத்தில் படம் போய்விட்டது. அம்மா பெருமூச்சு விட்டாள். சுண்டு விடவில்லை.

“யாராவது முன்னாடியே படத்தை எடுத்து வெச்சிருந்தா?”

அவளே ஓடிப்போய்ச் சாவியை எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். பூனைக்கு இனி அதில் இடமில்லை.

“தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா எடுக்காதேம்மா.”

“சரிங்க மேடம். நாளையிலேர்ந்து ஸ்கூல் விட்டதும் நேரா கடைக்கு வந்துடணும், புரியுதா?”

மறுநாள் சுண்டு முதல் ஆளாகப் பள்ளிக்குப் போய், பரிசு பெற்ற படத்தை வகுப்புச் சுவரிலிருந்து கழற்றிச் சுக்குநூறாகக் கிழித்தாள். கொஞ்சம் அழுகை வந்தது. பிறகு புது அட்டையில் அதே மஞ்சள் பூட்டை வரைந்து, அதன் வயிற்றில் நான்கு குட்டிக் காகிதக் கதவுகளை ஒட்டினாள். ‘வீடு எங்கே?’, ‘போன் நம்பர்?’, ‘பாஸ்வேர்ட்?’, ‘தனியா இருக்கியா?’ என்று கதவுக்கு ஒன்றாக எழுதினாள்.

டீச்சர் ஆவலாக ஒரு கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு கண்கள் அவரை முறைத்தன. கீழே, ‘உங்களுக்கு எதுக்கு?’ என்று இருந்தது.

“யம்மாடி!” என்று டீச்சர் கையை இழுத்துக்கொண்டார். வகுப்பே சிரித்தது. கதவைத் திறந்து முறைப்பு வாங்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

“பக்கத்துல நில்லு, ஒரு போட்டோ எடுக்கறேன். இந்தத் தடவை ஒரு எழுத்து விடாம படிச்சுட்டேன்” என்றார் டீச்சர்.

“இருங்க டீச்சர்!”

சுண்டு குனிந்து பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதில் பெயர், வகுப்பு, அம்மாவின் போன் நம்பர் எல்லாமே இருந்தன.

அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“இப்ப எடுங்க!”