எழுபத்தைந்து கிலோ கூழ்

சனிக்கிழமை மத்தியானம். துஷ்யாவுக்குக் கால் வலித்தது. அப்பா பாலேந்திரனுக்கோ கண்ணே திறக்க முடியவில்லை. இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர், வீட்டில் ஒரு தேநீர் மட்டும் குடித்துவிட்டு ட்ரக் விற்கும் கடைக்கு வந்திருந்தார்.

நோர்வேயின் ஹவுகன்ஸ்டுவாவில், அவர்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஒரு கேம்பிங் வண்டி நின்றது. கட்டிலும் அடுப்பும் உள்ள குட்டி வீடு. அம்மாவோடு வேலை செய்யும் ஒருவர், இனித் தனக்கு வேண்டாம் என்று கொடுத்தது. அப்பாவின் பழைய காரால் அதை அசைக்கவே முடியவில்லை. இழுத்துப் போக ஒரு ட்ரக் வேண்டும்.

அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பகல் வேலை. மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவதற்காகத்தான், அந்த வண்டியில் இந்த விடுமுறைப் பயணம். அதற்காகத்தான் இந்த அலைச்சல்.

"இது மூண்டாவது கடை, அப்பா."

"ஓம் பிள்ளை. இதோட முடிப்பம். எந்த ட்ரக் எண்டாலும் காணும்."

கடைக்காரர் எலியாஸும் களைத்துத்தான் இருந்தார். பளபளக்கும் சிவப்பு ட்ரக் ஒன்றைத் தட்டியபடி, நோர்வேஜிய மொழியில் கடகடவென்று பேசினார்.

"இழுவைக் கொக்கியும் பூட்டியிருக்கிறது. உங்கள் வண்டியின் 'கூலெத்ரிக்' எழுபத்தைந்து கிலோவுக்குள்தானே?"

"யா, யா," என்றார் அப்பா.

துஷ்யா திடுக்கிட்டாள். அப்பா ஒரு தடவை 'யா' என்றால் விளங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு தடவை என்றால் விளங்கவில்லை, கேட்கவும் கூச்சம் என்று அர்த்தம். போன வருடம் பள்ளிக்கூடக் கூட்டத்தில் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு, நாற்பது பேருக்குக் கேக் செய்யும் பொறுப்போடு வீட்டுக்கு வந்தவர் அவர்.

"அப்பா, கூலெத்ரிக் எண்டால் என்ன?" என்று காதுக்குள் கேட்டாள்.

"கூழைப் பற்றி ஏதோ கேக்கிறார் போல."

"எழுபத்தைஞ்சு கிலோ கூழோ?"

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அப்பாவின் சிவந்த கண்களைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு, எலியாஸிடம் திரும்பினாள்.

"எனக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்காக மெதுவாகச் சொல்லித் தருவீர்களா?"

எலியாஸ் குந்தியிருந்து, ட்ரக்கின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கொக்கியைத் தொட்டுக் காட்டினார்.

"இதன் நுனியில் இருக்கும் இரும்புக் குண்டுதான் 'கூலெ'. உங்கள் வண்டியின் முன்பக்கம் இதன்மேல் உட்காரும். அந்தப் பாரம்தான் கூலெத்ரிக்; இந்தக் கொக்கி எழுபத்தைந்து கிலோதான் தாங்கும். பாரம் கூடினால் ட்ரக்கின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். முன் சில்லுகள் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. வளைவில் திருப்பவே முடியாமல் போகலாம்."

அப்பாவும் குந்தியிருந்து கவனமாகக் கேட்டார். அவருடைய முகம் மாறியது.

"அப்பா, அம்மா வண்டியின்ரை முன்பெட்டிக்குள்ளை என்னென்ன வச்சவ?"

"அரிசி மூட்டை, மா, பெரிய சட்டி..." அப்பா விரல் மடித்து எண்ணினார். "அம்மியும் குழவியும்."

துஷ்யா அதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். எலியாஸின் புருவம் மேலே போனது.

"கல்லா? விடுமுறைக்கா?"

"சம்பல் அரைக்க," என்றாள் துஷ்யா.

எலியாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிவப்பு ட்ரக்கின் கதவைச் சாத்தினார்.

"அப்படியென்றால் இது உங்களுக்கு வேண்டாம். அந்தப் பழைய சாம்பல் நிற ட்ரக்கின் கொக்கி இன்னும் கூடத் தாங்கும். கல்லையும் அரிசியையும் மட்டும் வண்டியின் நடுவில், சில்லுகளுக்கு மேலே வையுங்கள்."

அவர் சாவி எடுக்கப் போனபோது, அப்பா துஷ்யாவைப் பார்த்தார்.

"உண்மையிலை உனக்குத் தெரியாதோ, பிள்ளை?"

"உண்மையிலைதான் அப்பா. பள்ளிக்கூடத்திலை கொக்கியைப் பற்றி ஆர் படிப்பிக்கிறது?"

அப்பா அவளுடைய தலையைத் தடவினார்.

எலியாஸ் சாவியை நீட்டினார். "ஓட்டிப் பார்ப்போமா?"

"பொறுங்கோ," என்று தமிழில் தொடங்கிய அப்பா, தடுமாறி நோர்வேஜிய மொழிக்கு மாறினார். "கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த வயர் எதற்கு? எனக்குத் தெரியாது."

"நல்ல கேள்வி," என்று எலியாஸ் மறுபடியும் தரையில் அமர்ந்தார். அப்பாவும் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

துஷ்யா அப்பாவின் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைப்படியில் இருந்தாள். கால் இன்னும் வலித்தது. அப்பா அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.