ஓரத்தில் இருப்பவள்

சுவரிலிருந்து குழந்தையின் கை வந்தது.

அவள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் வெள்ளைச் சுவர். மாலை வெளிச்சம் படிந்து, கீறலோ ஆணியோ இல்லாமல், வெறுமையாக நீண்டு கிடந்தது. அந்த வெறுமையிலிருந்து ஐந்து விரல்கள் வெளிப்பட்டு, ஊசிக்கு அருகே கிடந்த பட்டனை எடுத்துக்கொண்டன. அவள் அலறிவிட்டாள். தலையைத் திருப்பியபோது மகள் நின்றுகொண்டிருந்தாள், உதடு பிதுங்கி, அழத் தயாராக.

"எப்படி வந்தே, வாலு?"

"இங்கயேதாம்மா நிக்கறேன். ரொம்ப நேரமா."

மகள் தூங்கியபின் அவள் தன்னைச் சோதித்துப் பார்த்தாள். கையைப் பக்கவாட்டில் நீட்டி, மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். கை வரவில்லை. இன்னும் வரவில்லை. ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் விரல் நுனி தெரிந்தது. அதுவரை அங்கே இருட்டு இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சுவர் இருந்தது. அவள் மூளை, கிழிந்த இடத்தில் அதே நிறத் துணியை வைத்து ஒட்டுப்போட்டிருந்தது, தையல் தெரியாமல்.

வலிப்புக்கு இந்த மாத்திரையை எழுதித் தந்தபோதே டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. "மத்த மருந்தெல்லாம் உங்களுக்குக் கேக்கல. இது கேக்கும்னு நம்பறேன். ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கும்மா. சில பேருக்குப் பார்வை ஓரத்திலேருந்து சுருங்கும். போனது திரும்பி வராது. அதனால அப்பப்ப கண்ணைப் பரிசோதிக்கணும். குறைய ஆரம்பிச்சா சொல்லுங்க, படிப்படியா நிறுத்திடலாம். நீங்களா மட்டும் சட்டுனு நிறுத்திடாதீங்க. வலிப்பு விடாம வரும், உயிருக்கே ஆபத்து."

மருந்து கேட்டது. சிறுமியாக இருந்த காலத்துக்குப் பிறகு முதல்முறையாக உடம்பு அவளுடையதாக இருந்தது. கடிபட்ட நாக்கு ஆறியது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக் குளித்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மகள் திரும்பி வந்தாள்.

முன்பொரு முறை, குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவள் வலிப்பு வந்து அடுப்பருகே விழுந்திருந்தாள். வெந்நீர்ப் பாத்திரமும் கூடவே விழுந்தது. மகளின் தோளில் வெந்நீர் பட்ட இடம் இன்னும் சுருங்கியிருக்கிறது. குழந்தையை நாத்தனார் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். கணவன் தடுக்கவில்லை. வலிப்பு நின்று பல மாதம் கழித்துத்தான் கொண்டுவந்து விட்டாள்.

"உங்க மேல தப்பு சொல்லல அண்ணி. ஆனா இன்னொரு தடவை வந்துச்சுன்னா, பிள்ளையை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்க அழுதாலும் சரி, அண்ணன் அழுதாலும் சரி."

பார்வை போகிறது என்று சொன்னால் மாத்திரை நிற்கும். மாத்திரை நின்றால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் மகள் போய்விடுவாள். அவள் வாயைத் திறக்கவில்லை.

கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். தாடையைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் பார்க்க வேண்டும். நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஓரத்தில் ஒளி தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். அவளுக்கு நடுப்புள்ளியும் வெள்ளையும்தான் தெரிந்தன. ஆனால் ஒவ்வொரு ஒளிக்கும் முன்னால் இயந்திரத்துக்குள் ஏதோ மெல்ல நகரும் சத்தம் கேட்டது. அவள் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவள். அத்தனை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே தன் ஊசி எங்கே ஓடுகிறது என்று காதால் அறிகிறவள். அந்த நகர்வுக்கு விரலைப் பழக்கிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் அழுத்தினால் சந்தேகம் வரும், நடுநடுவே விட்டாள்.

"பிரமாதம் அக்கா," என்றான் பரிசோதிக்கும் பையன். "நேத்து ஒரு வாத்தியார் வந்தாரு. தாடையை வச்சவரு அப்படியே தூங்கிட்டாரு. குறட்டை வேற."

அவளும் சிரித்தாள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, மாத்திரையைத் தொடரச் சொன்னார். வெளியே வந்ததும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு ஆள் முளைத்து அவள் தோளில் மோதினான். "ஏம்மா, கண்ணு தெரியலையா?"

"மன்னிச்சுக்குங்க," என்றாள்.

அதன்பிறகு ஓரங்கள் மாறின.

முதலில் வெறும் சுவர்தான். பிறகு ஒருநாள், தைத்துக்கொண்டிருக்கையில், இடக்கண் ஓரத்தில் மகள் பாயில் உட்கார்ந்து பட்டன்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுன், குனிந்த கழுத்து, தோளில் சுருங்கிய தோல். அவள் தலையைத் திருப்பினாள். பாய் காலியாக இருந்தது. மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அவள் மறுபடி தையலை நேரே பார்த்தாள். ஓரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள், கோத்துக்கொண்டு. ஒரு பட்டன்கூட ஒலிக்கவில்லை.

பயந்தாள். பிறகு பழகிக்கொண்டாள். நாத்தனார் எந்தப் பிள்ளையை எடுத்துப் போனாலும் இந்தப் பிள்ளையை எடுத்துப் போக முடியாது என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டாள்.

"சுவரைப் பாத்து என்ன சிரிப்பு?" என்றான் கணவன், சாப்பிட்டுக்கொண்டே.

"ஒண்ணுமில்ல."

"எனக்கும் சொன்னா நானும் சிரிப்பேன்ல."

ஒருநாள் அவன் வேலைக்குப் போயிருந்தான். வெளியே மழை. ஈரமான சுண்ணாம்பு வாசனையும் இயந்திர எண்ணெய் வாசனையும் அறையில் கலந்து கிடந்தன. ஊசியைச் சுற்றி உள்ளங்கை அகல வெளிச்சம். அவ்வளவுதான் அவள் உலகம். அதற்குள் ஒரு கையைச் சட்டையோடு இணைத்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் குழாய் திறந்திருந்தது, தொட்டி நிரம்புவதற்காக. இடது ஓரத்தில் மகள் பாயில் இருந்தாள்.

"வாலு, பசிக்குதா?"

பதிலில்லை. கோபமாக இருப்பாள். சற்று முன் பட்டன் டப்பாவைக் கொட்டியதற்குத் திட்டியிருந்தாள்.

"அம்மா கூட டூவா?"

ஓரத்தில் மகள் சிரித்தாள். சத்தமில்லாமல்.

அவள் கால் மிதியிலிருந்து நழுவியது. இயந்திரம் நின்றது. இப்போது மழையும் குழாயும் தனித்தனியாகக் கேட்டன. தண்ணீர் காலித் தொட்டியில் விழும் ஓசை ஒன்று. நிறைந்த தண்ணீரில் விழும் ஓசை வேறு. இது இரண்டும் இல்லை. மந்தமாக இருந்தது. அழுத்தமாக. துணியின் மேல் விழும் தண்ணீர்.

அந்த ஓசை அவளுக்குத் தெரியும்.

எழுந்தாள். நாற்காலி விழுந்தது. வாசற்படி தெரியவில்லை, இடித்துக்கொண்டாள். குளியலறைத் தரை வழுக்கியது. தண்ணீர் பாதங்களைத் தாண்டி ஓடியது.

எதிரே சுவர். ஓடுகள். குழாய்.

தொட்டி கீழே, இடப்பக்கம். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

தொட்டியின் அருகே மகள் நின்றுகொண்டிருந்தாள். ஓரத்தில். மஞ்சள் கவுன். உலர்ந்த முடி. அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வாலு," என்றாள். "பேசு. ஒரே ஒரு வார்த்தை பேசுடி."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. துணியின் மேல்.

அவள் குழாயையே பார்த்தாள். கண் இமைக்காமல். அசையாமல். கை மட்டும் கீழே இறங்கி, தொட்டிக்குள் போய், குளிர்ந்த தண்ணீரில் முடியைத் தொட்டது. ஓரத்தில், உலர்ந்த குழந்தை சிரித்துக்கொண்டு, இன்னும் கையை நீட்டியபடி நின்றது.