செயலி விழுங்கிய ஜெபம்

"பழைய போன்ல ஜெபம் எழுதி அனுப்பினா, ஆண்டவர்கிட்ட லேட்டாதான் போய்ச் சேருமாக்கா?"

ஞாயிறு வகுப்பில் குட்டி சுஜி இப்படிக் கேட்டபோது டெபோராவுக்குச் சிரிப்புதான் வந்தது. சேலையூரில் தன் சபைக்காக அவளே ஆசை ஆசையாய் ஒரு செயலி செய்திருந்தாள். பெயர் சொல்லாமலே யாரும் அதில் ஜெப விண்ணப்பம் எழுதலாம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சபையார் அதை வாசித்து மன்றாடுவார்கள்.

"அதெல்லாம் இல்லடா செல்லம். அக்கா ஒரு தடவைதான் கோட் எழுதுவேன். ஐபோன், ஆண்ட்ராய்டு, டேப்... எல்லாத்துலயும் அதுவே ஓடும்!"

அந்தப் பெருமை ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் நன்றாக நனைந்தது.

கொட்டும் மழை. கூரைக்கடியில் ஒதுங்கியவளின் பக்கத்தில் ஓர் இளைஞன். அவன் கையில் கீறல் விழுந்த பழைய போன். அதன் திரையில்... நீலப் பின்னணி, வெள்ளைப் புறா! என் செயலி! முன்பின் தெரியாத ஒருவர் என் செயலியில் எழுதுகிறார்! டெபோரா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரமாய், எவ்வளவு பொறுமையாய் எழுதுகிறான்...

"அய்யோ, போச்சு! மறுபடியும் மூடிக்கிச்சு! எவன்டா இதைப் பண்ணான்?"

"எவன் இல்ல... எவள்" என்றாள் டெபோரா வெடுக்கென்று. "நான்தான் பண்ணேன்."

அவன் திரும்பினான். இமையில் மழைத்துளி. அதற்குப் பின்னால் களைத்துப்போன, கறுத்த, பெரிய கண்கள்... ஒரு கணம் அவளுக்குச் சண்டையே மறந்துவிட்டது.

"ஸாரிங்க. ஆனா எழுதினது எல்லாம் காணாமப் போகுது."

"என் ஐபோன்ல நல்லாத்தான் ஓடுது. உங்க போன் பழசு. மாத்திடுங்க சார்."

"போனை மாத்திடலாங்க..." அவன் குரல் இறங்கியது. "இன்னைக்கு ஜெபத்துக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பணும். மணி அஞ்சு ஐம்பத்தஞ்சு. அவ்வளவையும் மறுபடி எப்படிங்க எழுதுறது?"

பஸ் வந்தது. அவன் ஏறிப் போய்விட்டான்.

அந்தக் கண்கள் மட்டும் போகவில்லை. அன்று சபையில் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாய் வாசித்தபோது, வராமல் போன அந்த ஒன்றே அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. சுஜியின் அந்தக் கேள்வியும் சேர்ந்து ஒலித்தது. மன்னிப்புக் கேள் என்றது மனசு. முன்பின் தெரியாதவனிடமா என்றது கர்வம்.

திங்கள் மாலை கர்வம் தோற்றது. அதே நிறுத்தம், லேசான தூறல். அவன் வந்ததும் முன்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க. எப்படி மூடிக்கிச்சுன்னு ஒரு தடவை காட்டுறீங்களா?"

அவன் ஆச்சரியமாய்ப் பார்த்தான், பிறகு சிரித்தான். பெயர் ஆஸ்டின், காட்டாங்குளத்தூர் கல்லூரி ஒன்றில் நூலக வேலை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் காட்டினான். எழுதி முடித்ததும், திரையில் எழும்பி நின்ற எழுத்துப் பலகையை இறக்கப் போனின் அடியிலிருந்த 'பேக்' பொத்தானைத் தட்டினான். பழைய போன் அசையவில்லை. இன்னொரு தட்டு. முதல் தட்டுக்குப் பலகை இறங்கியது, இரண்டாவதுக்குச் செயலியே மூடியது!

டெபோரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐபோன்ல இந்தப் பொத்தானே கிடையாது! ஆண்ட்ராய்டுக்குக் கம்ப்யூட்டர்லதான் சோதிச்சேன். அதோட கீபோர்டுலயே தட்டினேனா... திரையில பலகை எழும்பவே இல்ல. இறக்க வேண்டிய வேலையும் வரல!"

"ஒரே கோட்தானே? எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஓடாதா?"

"நடுவுல ஓர் என்ஜின் இருக்கு. நான் சொல்றதை அந்தந்த போனோட பாஷையில சொல்லும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பழக்கம். அதை நான்தான் தெரிஞ்சு வெச்சுக்கணும்."

"ஓ... புகுந்த வீட்டுக்குப் போற மருமக மாதிரி!"

"ஏன் சார், மருமகன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

டீ மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார்.

மடிக்கணினியைத் திறந்தாள். இனி பொத்தானைத் தட்டினால் "மூடட்டுமா?" என்று செயலி கேட்கும். மூடினாலும் எழுதியது பத்திரமாய் இருக்கும். சரிசெய்ததை அவன் போனில் ஏற்றினாள். எழுதினான், வேண்டுமென்றே டபடபவென்று தட்டினான்... எழுத்து அப்படியே இருந்தது!

"இருக்கு! இருக்குங்க!" இருவரும் குழந்தைகள் போல் கத்தினார்கள்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு மெதுவாய்ச் சொன்னான். "எங்கம்மா ரத்தினபாய்க்கு வர்ற சனிக்கிழமை இருதய ஆபரேஷன். யாருக்கும் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா ஊரே ஆரஞ்சுப் பழத்தோட வந்து நிக்குமாம். அதான் பேர் போடாம..."

அதைத்தான் என் செயலி விழுங்கியதா!

அந்த வாரம் தினமும் அவன் வேறொரு போனோடு வந்தான். நண்பனுடையது, அக்காவுடையது... ஒவ்வொன்றிலும் புறா சிறகு விரித்தது. சோதிக்கப் போன் தீர்ந்தும் அவன் வருவது நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்டின் அம்மாவுக்கான விண்ணப்பம் சபையில் வாசிக்கப்பட்டது. பின்வரிசையில் அவன் தலை குனிந்திருந்தான். முடிந்ததும் வாசலில் மழை. ஒரே குடை.

"உங்க ஆப்ல இன்னொரு குறைங்க."

"இன்னுமா? என்ன?"

"ஆண்டவர்கிட்ட கேக்க வழி இருக்கு. உங்ககிட்ட கேக்க வழி இல்ல."

டெபோரா குடையை அவன் பக்கம் சாய்த்தாள். "நேரா கேளுங்க..."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு டெபோரா. காலம் பூரா கூட வருவீங்களா?"

முகம் சிவக்க, நனைந்த செருப்பையே பார்த்தாள். "சோதிச்சுப் பாத்துதான் சொல்லுவேன்..."

"எவ்வளவு நாள்?"

"காலம் பூரா."

சனிக்கிழமை விடியற்காலை. ஆஸ்டின் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை வாசலில் நின்றிருந்த நேரம், டெபோரா யாருமில்லாத சபையின் பக்கக் கதவைத் திறந்தாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். முழங்காலிட்டாள். அந்த மழை நாளில் தொலைந்துபோன வார்த்தைகள் அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ரத்தினபாய் என்ற பெயர் மட்டும். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி, முழங்கால் மரத்துப் போகும்வரை, தன் சொந்த வார்த்தைகளில் மன்றாடினாள்.

வெயில் ஏறியபின் போனை உயிர்ப்பித்தாள். செய்தி துள்ளி வந்தது.

'நல்லபடியா முடிஞ்சது! அம்மா கண் திறந்தாங்க! நீங்க எங்க இருக்கீங்க?'

சபையின் தரையில் அமர்ந்தபடியே கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, 'உங்க பக்கத்துலதான்' என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.