நாற்பது விழுக்காட்டுக் குதிரை

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குமிழில் காலையில் முதலில் எழுவது உடுப்பு, அப்புறம்தான் ஆள். ஆறு மணிக்கு ஆறாயிரம் தாங்குடுப்புகள் ஒரே நேரத்தில் படுக்கையில் நிமிர்ந்து உட்காரும். உள்ளே இருப்பவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் அவரைக் குளியலறைவரை நடத்திப் போய், பல் துலக்கக் கையையும் உயர்த்திக் கொடுக்கும். ஈர்ப்பு குறைந்த ஊரில் தசை தளர்ந்துவிடும் என்று பயந்து முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு அது. முதுகை ஒட்டி ஓர் உலோகத் தண்டு. நரம்பின் கட்டளையைப் படித்து அசையும் மூட்டுகள். மூன்று தலைமுறையாக அங்கே ஒருவர்கூடக் கூன் போட்டதில்லை. அதில் அவர்களுக்கு ஏகப் பெருமை. குமிழின் வாசலில் ‘நிமிர்ந்த சமுதாயம்’ என்று எழுதியே வைத்திருந்தார்கள்.

அந்தச் சமுதாயத்தில் உடுப்பில்லாத ஒரே ஆள் அஞ்சுகம். வயது பன்னிரண்டு. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அவள் தசைகள் கேட்காத நேரத்தில் இறுகும், கேட்ட நேரத்தில் உதறும். அவள் நரம்பு பேசுவது உடுப்புக்குப் புரியவில்லை. ஐந்து வயதில் மாட்டிப் பார்த்தபோது அது அவளைச் சுவரில் ஏற்றப் பார்த்தது. ஆகவே சக்கர நாற்காலி. ஆகவே, வாரம் ஒரு மணி நேரம் குதிரை.

நிஜக் குதிரைதான். உறைந்த கருவாகப் பூமியிலிருந்து வந்து, இங்கே செயற்கைக் கருப்பையில் வளர்ந்தது. பெயர் வெல்லம். குதிரை நடக்கும்போது அதன் முதுகு அசைவதும், மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வோர் அடிக்கும் மேலே இருப்பவரின் உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொண்டாக வேண்டும். இரண்டு வருடம் அப்படிச் சரிசெய்து சரிசெய்து அஞ்சுகத்தின் முதுகு நிற்கக் கற்றுக்கொண்டது. கழுத்து நின்றது. தண்ணீர்க் குவளை சிந்தாமல் வாய்க்கு வந்தது. நடுவில் குதிரைக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதம் நின்றபோது எல்லாம் பழையபடி இறுகிப்போனதையும் வீட்டார் பார்த்திருந்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ‘அளவன்’ என்ற தணிக்கை இயந்திரம் வரும். தணிக்கை நாளில் உடுப்பில்லாமல் குதிரையேறுகிறவரை அளந்து, இயலாமை எத்தனை விழுக்காடு என்று சொல்லும். நாற்பதும் அதற்கு மேலும் என்றால் குதிரை உண்டு. குறைந்தால் இல்லை. போன வருடம் அஞ்சுகத்துக்கு நாற்பத்தாறு.

இந்த வருடத் தணிக்கை அன்று அவள் அம்மா குயிலி குதிரைத் திடலில் மகளின் காதருகே குனிந்து, “இன்னிக்கு ஒருநாள் மட்டும் கோணலா உக்காருடி. போன வருஷம் மாதிரி. கண்ணுல்ல?” என்றாள்.

“நான் இன்னிக்கு யாரும் பிடிக்காம முழுச் சுத்து போகப் போறேன்.”

“நாளைக்குப் போ. எத்தனை சுத்து வேணா போ.”

குதிரைக்காரர் மஸ்தான் பாய் அவளைத் தூக்கி வெல்லத்தின் மேல் உட்கார வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஓரமாக ஒரு மேடை. அதில் நலத்துறைப் பேராணையர் வேதமாணிக்கம், பரிவாரம், படமெடுப்பவர். முக்கால் மணி நேரமாகக் கருணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், குதிரை நகர்ந்ததும் நிறுத்தினார். ஊரே குதிரைக்கு நன்றி சொன்னது.

கால் சுற்றுவரை அஞ்சுகம் அம்மா சொன்னபடி கோணலாகத்தான் இருந்தாள். அப்புறம் முடியவில்லை. ஒழுங்காக வருகிற ஒன்றை வேண்டுமென்றே கெடுத்துச் செய்வது எவ்வளவு சிரமம் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

“மாமா, கையை எடுங்க.”

மஸ்தான் பாய் குயிலியைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

வெல்லம் நடந்தது. அஞ்சுகம் நிமிர்ந்தாள். அரைச் சுற்று, முக்கால் சுற்று. வேலியோரம் நின்றவர்கள் மூச்சுவிட மறந்தார்கள். முழுச் சுற்று முடிந்ததும் திடல் அதிர்ந்தது. குயிலி கைதட்டிக்கொண்டே அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“முப்பத்தொரு விழுக்காடு. பயனாளி தேறிவிட்டார். குதிரை நேரம் இன்றுடன் நிறைவு. வாழ்த்துகள்” என்றது அளவன்.

அஞ்சுகத்தின் அப்பா பொன்னரசு முன்னால் வந்தார். “தேறுனதே குதிரையாலதாங்க. நிறுத்துனா திரும்ப இறுகிப்போயிடும்.”

“இறுகியபின் விண்ணப்பிக்கலாம்.”

பேராணையருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. ‘தேறிவிட்டார்’ என்பது மட்டும் விழுந்தது. தன் ஆட்சியில் ஒரு குழந்தை தேறியிருக்கிறது. அந்தக் குதிரைமேல் தான் அமர்ந்து ஒரு படம் வேண்டாமா? மேடையிலிருந்து இறங்கினார். உடுப்போடு ஏறினால் குதிரையின் முதுகு முறிந்துவிடும் என்று மஸ்தான் பாய் பணிவாகச் சொன்னார். அதனாலென்ன, கழற்றுங்கள் என்றார் பேராணையர். பத்தொன்பது வருடம் கழித்து அவர் உடுப்பு பொது இடத்தில் திறந்தது.

நான்கு பேர் ஏற்றி உட்கார வைத்தார்கள். வெல்லம் ஓர் அடி வைத்தது. பேராணையரின் தலை முன்னால் போனது. இரண்டாம் அடியில் தலையைத் தேடிக்கொண்டு நெஞ்சு போனது. மூன்றாம் அடியில் கொடியில் போட்ட ஈரவேட்டியாக அவர் குதிரைக் கழுத்தில் தொங்கினார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கள் உடுப்பைக் கழற்றினாலும் இதே கதிதான் என்பது அந்தக் கணத்தில் எல்லோருக்கும் உறைத்துவிட்டது.

“எண்பத்து மூன்று விழுக்காடு” என்றது அளவன். “வாரம் நான்கு மணி நேரம் குதிரை. எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சை கட்டாயம். மறுப்பவர் பதவி வகிக்க இயலாது.”

உதவியாளர் குறுக்கிட்டார். ஐயா படத்துக்காகத்தான் ஏறினார், பயனாளியாக அல்ல என்று விளக்கினார். தணிக்கை நாளில் ஏறுகிறவரை அளப்பதே சட்டம், அதில் கையெழுத்திட்டவர் தற்போது குதிரைக் கழுத்தில் இருக்கிறார் என்று அளவன் பதில் சொன்னது.

“மேலும் ஒரு விதி” என்றது. “எழுபதுக்கு மேற்பட்டோர் தனியே ஏறக் கூடாது. உடுப்பின்றி நிமிர்ந்து அமரத் தெரிந்த ஒருவர் பின்னால் இருந்து தாங்க வேண்டும்.” குமிழின் ஆறாயிரம் பெயர்களையும் அது புரட்டியது. நேரம் அதிகம் ஆகவில்லை. “தகுதியுள்ளவர் ஒருவர். அஞ்சுகம், வயது பன்னிரண்டு.”

பொன்னரசு எண்ணிப் பார்த்தார். வாரம் ஒரு மணி நேரம் போய், நான்கு மணி நேரம். மஸ்தான் பாய் முகத்தைக் குதிரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அஞ்சுகத்தைப் பேராணையருக்குப் பின்னால் ஏற்றினார்கள். அவர் இடுப்பை இரண்டு கையாலும் சுற்றி இழுத்து நிமிர்த்தினாள். “அடி வைக்கிறப்ப மூச்சைப் பிடிக்காதீங்க, ஐயா. குதிரை போற பக்கமே போங்க. சண்டை போடாதீங்க.” பேராணையர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னபடி கேட்டார். படமெடுப்பவர் அந்தக் கணத்தைத் தவறவிடவில்லை.

மறுநாள் குமிழின் எல்லாத் திரைகளிலும் அந்தப் படம்தான். கீழே பெரிய எழுத்தில்: ‘மாற்றுத்திறனாளிச் சிறுமியைத் தாங்கிப் பிடிக்கும் பேராணையர்.’

குயிலிக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. திரையை அணைக்கப் போனாள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று படத்தைப் பார்த்தாலே தெரியாதா, இன்றைக்கே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள்.

அஞ்சுகம் திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

“விடும்மா. நாளைக்கும் அவர் என்னோடதான் ஏறணும். நான் கையை எடுத்தேன்னா படம் வேற மாதிரி வரும்.”