வருதா?

பிரேக்கை மிதித்தபடி, திரும்பிப் பார்க்காமலே, "வருதா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"வருது" என்று காருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

இடது இண்டிகேட்டரைப் போட்டார். "இப்ப?"

"வருது."

வலது. "இது?"

கொஞ்சம் தாமதித்து, "வரலை."

எங்கேயோ வயர் லூசாகியிருக்கும் என்று முனகிக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தார். இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றும்போதுதான் உறைத்தது. பின்னால் நிற்பதற்கு ஆளே கிடையாது. பதில் சொல்ல வேண்டிய மனைவி முன்னறையில் கட்டிலில் படுத்திருக்கிறாள். நாலு அடி எடுத்து வைத்தால் நாற்பது மாடி ஏறியதுபோல் இரைக்கிற மனுஷி, ஷெட்டு வரை நடந்துவந்து விளக்கைப் பார்த்துச் சொல்வதாவது.

எழுந்து பின்னால் போய்ப் பார்த்தார். இழுத்துவிட்ட ஷட்டர், காலி பெயிண்ட் டப்பாக்கள், சுவரில் சாய்த்து வைத்த பழைய கதவு. அவ்வளவுதான். வலது பக்க பல்பு மட்டும் கறுத்துப்போய் இருந்தது. வரலை என்று சொன்னது சரிதான்.

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர் என்பதால் தெருவுக்கே அவர் லிஃப்ட்காரர். அந்த வேலையில் கூண்டின் தலையில் ஒருத்தர் நிற்பார், அடியில் பள்ளத்தில் ஒருத்தர் நிற்பார், நடுவில் முழுக்க இருட்டு. முகம் தெரியாது. குரல்தான். மேலே இருப்பவர் "வருதா?" என்று கேட்டு, கீழே இருப்பவர் "வருது" என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இரண்டு உயிரும். அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மொட்டை மாடியில் ஆன்டெனா திருப்பிய காலத்திலிருந்து, ஸ்கூட்டர் விளக்கு, தண்ணீர் மோட்டார் என்று எதுவானாலும் இவர் கேட்பார், மனைவி பார்த்துச் சொல்வாள். அவள் முறை வந்தால் அவள் கேட்பாள், இவர் சொல்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் அதிகம் பேசிக்கொண்டது இந்த இரண்டு வார்த்தைதான் என்று அவள் கேலி செய்வாள். நடுத்தூக்கத்தில் அவர் காதருகே "வருதா?" என்று கேட்டு, அவர் வாய் தானாக "வருது" என்பதைக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்தவள் அவள்.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வழியாக முன்னறைக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் புஸ் என்று இழுத்து டொக் என்று விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்வரை அவருக்குப் பயமில்லை. ஷெட்டில் ஸ்பேனரை உருட்டிக்கொண்டிருந்தாலும் ஒரு காது இங்கேதான் கிடக்கும்.

"என்னைக் கூப்பிட்டியா?"

"எனக்கு இருக்கிற மூச்சுக்கு உங்களை வேற கூப்பிடணுமா?" என்றாள். மூக்கில் குழாய், கண்ணில் மட்டும் பழைய குறும்பு. "இன்ஜினியர் சார், நாளைக்காவது வண்டி கிளம்புமா?"

"காலைல ஏழு மணிக்கு."

"போன வாரமும் இதே ஏழு மணிதான்."

மூடின இடம் எதுவும் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. நுரையீரல் சுருங்கச் சுருங்க அந்தப் பயமும் கூடியது. ஜன்னலைச் சாத்தினால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல், முகத்தில் காற்று அறைய, கடற்கரை வரைக்கும் ஒரே ஒரு தடவை போய் வர வேண்டும். அதுதான் அவள் கேட்டது. டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "எதையும் தள்ளிப் போடாதீங்க" என்று சொன்ன அன்றே லிஃப்ட்காரர் கார் தேடக் கிளம்பிவிட்டார்.

கிடைத்தது ஐம்பது வருஷத்துப் பழைய வண்டி. இரண்டே சீட்டு, மடக்குகிற துணிக் கூரை. விற்றவர் பேரமே பேசவில்லை, சாவியை இவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாங்கியபோது அதற்கு ஒன்றுமே தெரியாது. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், அவ்வளவுதான். இவர்தான் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். சுவிட்சைத் தட்டினால் பதினோரு விநாடியில் மூடும் மோட்டார் கூரை. மழைத்துளி பட்டால் தானாக அதை மூடும் சென்சார். இரண்டு கதவுக்கும் ஆட்டோமேட்டிக் லாக். உடையாத கண்ணாடி. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் டிங் டிங் என்று சொல்லும் மணி, இரண்டு சீட்டுக்கும். எல்லாம் அவளுக்காக. இன்று காலையில் வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கழற்றி டிக்கிக்குள் மாட்டினார். நாளை வழியெல்லாம் அவள் மெஷின் ஓட வேண்டுமே.

கூரை தைக்க வந்த டெய்லர் பழைய துணியைக் கிழித்ததும் பாதியில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். பக்கத்து சீட்டுக்கு மேலே குறுக்காக ஓடும் மரச்சட்டத்தில் கோடுகள். நாலு நாலாக, ஆழமாக, ஒன்றின் மேல் ஒன்றாக.

"எலியா இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர்.

"எலிக்கு நகம் இவ்வளவு அகலம் வராதுண்ணே. கூரை மூடியிருக்கும்போது உள்ளேருந்து கீறியிருக்கு."

சட்டத்தை மாற்றினால் இன்னும் மூன்று வாரம். மூன்று வாரம் யாரிடம் இருக்கிறது? "அது மேலேயே தைச்சிடுங்க" என்றார். டெய்லர் தைத்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணியை அந்தப் பக்கம் உட்கார வைக்காதீங்க" என்றார். இரண்டு சீட்டு வண்டியில் வேறு எந்தப் பக்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு டெய்லர் போனை எடுக்கவே இல்லை.

அந்த வாரத்தில் பக்கத்து சீட்டின் மணி ஆளில்லாமலே அடித்தது. சென்சாரை மாற்றினார். அடித்தது. வயரையே பிடுங்கிப் போட்டார். அப்போதும் ஒரு தடவை அடித்தது. மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவள் நாள்களை எண்ணிக்கொண்டு படுத்திருக்கும்போது, வண்டியில் ஏதோ இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. புது பல்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஷெட்டில் விளக்கு அணைந்தது.

புஸ் என்ற சத்தம் கேட்டது. டொக் கேட்கவில்லை.

ஓடினார். மெஷின் நீளமாகக் கத்திக்கொண்டிருந்தது. அவசரத்துக்கென்று கட்டிலடியில் வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டினார். முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. இருபது நிமிஷம்தான் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை, அதை அவரே கழற்றிவிட்டார். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். "பாலத்துக்கு அடியில தண்ணி நிக்குது சார். சுத்திக்கிட்டுத்தான் வரணும், ஒரு மணி நேரம் ஆகும்" என்றது ஒரு குரல்.

காரில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே. எக்ஸ்டென்ஷன் வயரைக் காரின் சாக்கெட்டில் செருகி, கட்டில் வரை இழுத்துவந்து மெஷினை மாட்டினார். மெஷின் அசையவில்லை. வேறு வயர். அதுவும் இல்லை. டெஸ்டர் விளக்கை வயரின் நுனியில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கிக் காரிடம் வந்தார். கையைக் காருக்குள் நீட்டினால் விளக்கு எரிந்தது. வெளியே எடுத்தால் அணைந்தது. மறுபடி உள்ளே. எரிந்தது. வெளியே. அணைந்தது. அதே வயர், அதே நுனி.

இன்வெர்ட்டரையே தூக்கிப் போய்விடலாம் என்று டிக்கியின் பட்டனை அமுக்கினார். டிக் என்றது, திறக்கவில்லை. சாவி ஓட்டை பழைய பாணி என்று அதை அடைத்து பெயிண்ட் அடித்தவரும் அவர்தான்.

அப்போது பக்கத்து சீட்டின் மணி அடித்தது. டிங், டிங், டிங். நிதானமாக.

அதற்கு என்ன வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் முன்னறைக்குத்தான் ஓடினார். முள் கோட்டைத் தாண்டியிருந்தது. அவள் உதடு நீலம் பாரித்து, கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், இவள் மூச்சு நிற்கக் கூடாது. வேறெதுவும் அப்போது அவர் மனதில் இல்லை.

சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைத் தூக்கினார். அவளிடம் கனமே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எங்க?"

"ரவுண்டு போகலாம் வா."

"மழைலயா?"

"ஷெட்டுக்குள்ளேயேதான்."

கதவைத் திறந்ததும் மணி நின்றது. யாரோ எழுந்து இடம் விட்டதுபோல் சீட்டின் மெத்தை மெதுவாக மேலே வந்தது. அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவளை அதில் உட்கார வைத்தார். பெல்ட்டைப் போட்டுவிட்டு, சிலிண்டர் குழாயை அப்படியே விட்டு, உள்ளே போய் மெஷினைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்துச் செருகினார். ஒரு நொடி ஒன்றுமில்லை.

புஸ். டொக்.

குழாயை மாற்றி மாட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது. அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதார். அவள் கையைத் தூக்கி அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

"இன்ஜினியர் சார், வண்டி ஜோரா இருக்கு." அண்ணாந்து பார்த்தாள். "இந்தக் கூரையை மட்டும் மூடிடாதீங்க."

"மூட மாட்டேன். சத்தியமா."

"ஷட்டரைக் கொஞ்சம் தூக்குங்களேன். காத்து வரட்டும்."

ஷட்டர் காருக்குப் பின்னால் இருந்தது. அவளை விட்டு நகர மனமில்லை. ஆனால் எட்டு அடிதானே. அவள் பக்கக் கதவைச் சாத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பெயிண்ட் டப்பாக்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டு போனார். குனிந்து கைப்பிடியைப் பிடித்தார். ஷட்டருக்கு அடியில் மழைத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. துருவும் ஈர சிமெண்டும் கலந்த வாடை. தம் பிடித்து ஒரு சாண் தூக்கினார்.

பின்னால் மணி அடித்தது.

அவள் பெல்ட் போட்டிருக்கிறாள். அவரே போட்டார். இது இன்னொரு மணி. ஓட்டுகிறவர் சீட்.

"அதுக்குள்ள வந்து உட்கார்ந்துட்டீங்களா?" அவள் குரல், சந்தோஷமாக. "கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

அவர் கை ஷட்டரில் இருந்தது.

கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. எதிரே ஷட்டர் தகரம் முழுக்கச் சிவப்பாயிற்று. பிரேக் விளக்கு. யாரோ மிதித்திருக்கிறார்கள்.

காருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. ஆண் குரல். அவருடைய குரல்.

"வருதா?"

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். நாக்கு அவரைக் கேட்கவில்லை.

"வருது" என்றார்.

பெல்ட் கொக்கி மாட்டும் சத்தம். மணி நின்றது. கூரை மோட்டார் முனகத் தொடங்கியது.

பதினோரு விநாடி.

திரும்பினார். ஓடினார். டப்பா காலில் இடறியது. விழுந்தார். முழங்கை. எழுந்தார். கூரையின் விளிம்பு அவள் நெற்றிக்கு மேலே வந்திருந்தது. கையைக் கொடுத்தார். துணி அவர் விரல் நுனியை உரசிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. இரண்டு கதவின் லாக்கும் ஒன்றாக, டக்.

சாவி. பட்டன். டிக். திறக்கவில்லை. டிக். டிக். ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். ஸ்பேனர் துள்ளித் தெறித்தது. உடையாத கண்ணாடி. கடைக்காரர் நல்லதாகத்தான் கொடுத்திருக்கிறார். கூரைத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார், ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"என்னங்க?" உள்ளிருந்து, பஞ்சு வைத்து அடைத்ததுபோல் அவள் குரல். "ஏன் மூடுறீங்க? மூட மாட்டேன்னு சொன்னீங்களே."

"நான் இல்லை" என்று அலறினார். "நான் இங்க இருக்கேன். இங்க பாரு. நான் வெளியே இருக்கேன்."

அவளுக்குக் கேட்கவில்லை. கூரைமேல் கையை ஊன்றி, பின் கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு தலைகள். அவள் தலை அந்தப் பக்கம் திரும்பி, யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தது. அந்த இன்னொரு தலை அசையவே இல்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

புஸ்.

டொக் வரவில்லை.

சிவப்பு விளக்கு அணைந்தது. இருட்டில், அவர் கைக்குக் கீழே, புதுத் துணிக்கு உள்ளே, மரச்சட்டத்தில் நகங்கள் கீறத் தொடங்கின. நாலு நாலாக. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து.